பாடியை யார் வாங்குறீங்க? இறந்தவரின் உடல் மீது யாருக்கு என்ன உரிமை: ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு மருத்துவமனை மார்ச்சுவரி வாசலில் ஒரு காவலர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாடியை யார் வாங்குறீங்க?" என்று கேட்பார். அதுவரை அழுதுகொண்டிருந்த கூட்டம் சட்டென்று அமைதியாகிவிடும். மூத்த மகனா, மனைவியா, ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய சித்தப்பாவா? பெரும்பாலான குடும்பங்களில் அந்த அமைதி பத்து நொடிகூட நீடிக்காது. யாரோ ஒருவர் முன்னால் வந்து கையெழுத்துப் போடுவார், உடல் வண்டியில் ஏறும். சில குடும்பங்களில் அந்தக் கேள்வி உயர் நீதிமன்றம் வரை போகிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சாவு நடந்த பிறகு தேடிப் படிக்கும் மனநிலை யாருக்கும் இருக்காது. ஆகவே இப்போதே ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: உடல் சொத்து அல்ல

உயிர் போனதும் வீடு, நிலம், வங்கிப் பணம் எல்லாம் வாரிசுகளுக்குப் போகும். உடல் அப்படிப் போகாது. அதை யாரும் வாரிசாகப் பெறுவதில்லை. விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அதனால்தான் உடலை வாங்க வாரிசுச் சான்றிதழ் கேட்பதில்லை.

முதலில் மனைவி, அடுத்து மகன், அதற்கடுத்து அப்பா என்று வரிசைப்படுத்திச் சொல்லும் சட்டமும் நம்மிடம் இல்லை. அப்படி ஒரு பட்டியல் இருப்பதாகப் பலர் அடித்துப் பேசுவார்கள், நம்ப வேண்டாம். இருப்பது நடைமுறை வரிசைதான்: கணவன் அல்லது மனைவி, வயது வந்த பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர். போலீசும் மருத்துவமனையும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள்.

சட்டம் உறுதியாகச் சொல்வது இறந்தவரின் கண்ணியத்தைப் பற்றி. தூக்கிலிடப்பட்டவரின் உடலை அரை மணி நேரம் தொங்கவிடும் சிறை விதியை எதிர்த்து வந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் கண்ணியம் இறந்த உடலுக்கும் உண்டு என்று 1995ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடற்றவர்களுக்கும் அவரவர் மத வழக்கப்படி கண்ணியமான இறுதிச் சடங்கு உண்டு என்பது 2002ல் வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கி விரட்டியபோது, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு இதே கொள்கையைச் சொன்னது. அடக்கத்தைத் தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று மாநில அரசும் அவசரச் சட்டம் போட்டது.

ஆக, உங்கள் கையில் இருப்பது உரிமை என்பதைவிடப் பொறுப்பு என்றே சொல்லலாம். நடைமுறையில் உடல் யார் வசம் இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும். தகராறு வருமென்று தெரிந்தால் தகனத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். எரித்த பிறகு எந்த நீதிபதியாலும் எதையும் திருப்பித் தர முடியாது.

படி 1: எங்கே, எப்படி இறந்தார் என்று பாருங்கள்

வீட்டில், வயதாகியோ நோயிலோ இறந்தால் உடல் குடும்பத்தின் வசம். சிகிச்சை பார்த்த மருத்துவரிடம் மரணக் காரணம் எழுதிய சான்று வாங்குங்கள். வீட்டுச் சாவுக்கு அது படிவம் 4அ. நகரத்து மயானங்களில் இது இல்லாமல் சிக்கல் வரும். எங்கள் உறவில் ஒரு பெரியவர் ஞாயிறு இரவு வீட்டில் இறந்தார். சான்று தர ஒரு டாக்டரைத் தேடி விடியும்வரை அலைந்தோம். வீட்டில் படுக்கையாக யாராவது இருந்தால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் அவருக்கு இது புதிதல்ல.

மருத்துவமனையில் இயற்கையாக இறந்தால் அவர்களே சான்று தந்து, பதிவாளருக்கும் தகவல் அனுப்ப வேண்டும். பில் பாக்கி இருந்தால் உடலைத் தர மாட்டோம் என்று சொல்வது சில தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது. அது தவறு. பில் பாக்கிக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2021 மே மாதம் வெளியிட்ட அறிவுரையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணத்தை வசூலிக்க அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. "பில் பாக்கிக்காக உடலைத் தர மறுக்கிறீர்களா? அதை எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் 100க்குப் போன் செய்யுங்கள்.

உடலை எடுத்துப் போக 108 வராது, அது உயிரோடிருப்பவர்களுக்கு. அரசு மருத்துவமனையிலிருந்து இலவச அமரர் ஊர்திக்கு 155377.

படி 2: போலீஸ் கேஸ் என்றால் உடல் தற்காலிகமாக உங்களுடையது அல்ல

விபத்து, தற்கொலை, கொலை, பாம்புக் கடி, இயந்திரத்தில் சிக்கியது, சந்தேக மரணம் எதுவானாலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194வது பிரிவின் கீழ் போலீஸ் விசாரணை உண்டு. பழைய ஆட்கள் 174 என்றுதான் இன்னும் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது. சம்பவ இடத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் இருவராவது முன்னிலையில் காயங்களைக் குறித்துப் பிரேத விசாரணை அறிக்கை எழுதுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுதும் படியுங்கள். "சாவில் சந்தேகம் இல்லை" என்று ஒரு வரி அதில் எழுதியிருந்து, நீங்கள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னால் அந்த வரி உங்களுக்கு எதிராகப் பேசும்.

"போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சுபவர்கள் நிறைய. அறுக்க வேண்டாம் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் சந்தேகம் இருக்கும் மரணத்தில் குடும்பத்தின் சம்மதம் தேவையே இல்லை. வாகன விபத்தாக இருந்தால் இழப்பீட்டு வழக்குக்கு அந்த அறிக்கைதான் அடித்தளம். பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வழக்கறிஞர் கேட்கும்போது தலையில் கை வைத்த குடும்பங்கள் உண்டு.

இரவில் செய்ய மாட்டார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் போன்றவற்றுக்குப் பொதுவாக இது பொருந்தாது.

இரண்டு வகைச் சாவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும். அந்த நேரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் அங்கே இருக்க வேண்டும். புகுந்த வீட்டார் சொல்வது மட்டும் பதிவாகும்படி விடாதீர்கள். உடலை யார் வாங்குவது என்பதில் கணவர் மீது பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால் அதை ஆர்டிஓவிடமே எழுதிக் கொடுங்கள்.

மற்றது காவல் மரணம். இதில் நீதித்துறை நடுவர் விசாரிப்பார். விசாரணை நடக்கும்போது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை உடனிருக்கச் சட்டமே இடம் தருகிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2020 டிசம்பரில் ஒரு தீர்ப்பில் இன்னும் விரிவாகச் சொன்னது: பரிசோதனைக்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்க வேண்டும், பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும், நீதிமன்றம் போகப்போவதாகக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரமாவது உடலைப் பிணவறையில் வைத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் என்பதைக் கவனியுங்கள். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

படி 3: உடலை வாங்க மறுக்கலாமா?

நம் ஊரில் இது ஒரு போராட்ட வடிவம். குற்றவாளியைக் கைது செய்யும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று மருத்துவமனை வாசலில் உட்கார்வது. வலுவற்றவர்களின் கையில் இருக்கும் ஒரே துருப்பு பல நேரங்களில் அதுதான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

2022ல் கள்ளக்குறிச்சி பள்ளி மாணவி இறந்தபோது பெற்றோர் மறு உடற்கூராய்வு கேட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. தங்கள் தரப்பு மருத்துவர் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும் என்று கேட்டதை மட்டும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. இறுதியில் உடலைப் பெற்றுக்கொள்ளும்படி நீதிமன்றமே பெற்றோரிடம் சொல்ல வேண்டி வந்தது. இதிலிருந்து தெரிவது: மறு பரிசோதனை கேட்பது நியாயம், காரணம் காட்டினால் கிடைக்கும், யார் செய்வது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ராஜஸ்தானில் உடலை வைத்துப் போராடுவதையே குற்றமாக்கி 2023ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

சந்தேகம் இருந்து, உடலையும் வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரே ஒரு யோசனை: எரிக்காதீர்கள், புதையுங்கள். தேவைப்பட்டால் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வழக்கம் எரிப்பதாக இருந்தாலும், இந்த ஒரு முறை பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள்.

படி 4: இரண்டு தரப்பு வந்து நின்றால்

சண்டை பெரும்பாலும் மூன்று வகை: இரண்டு மனைவிகள், இரண்டு மதங்கள், பிள்ளைகளுக்குள் பிளவு. சில நேரம் மூன்றும் சேர்ந்து வரும்.

2024 பிப்ரவரியில் காரைக்குடியில் அப்படித்தான் ஆனது. இந்துவாகப் பிறந்து இஸ்லாத்துக்கு மாறி, இரண்டாவது குடும்பத்தோடு வாழ்ந்த ஒருவர் இறந்துபோனார். முதல் மனைவி இந்து முறைப்படி சடங்கு செய்ய உடலைக் கேட்டார், இரண்டாவது குடும்பம் ஜமாத் அடக்கம் கேட்டது. மதுரைக் கிளை யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. முதல் மனைவியும் மகளும் மருத்துவமனையிலேயே அரை மணி நேரம் இறுதி மரியாதை செலுத்தலாம், பிறகு இஸ்லாமிய முறைப்படி அடக்கம் என்று முடித்துவைத்தது. இந்த வகை வழக்குகளில் தாலி யாருக்குக் கட்டினார் என்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை. இறந்தவர் கடைசியில் எப்படி வாழ்ந்தார், யாரோடு வாழ்ந்தார், என்ன விரும்பினார் என்பதையும் பார்க்கிறது.

அதற்காகச் சட்டப்படியான மனைவியின் இடம் போய்விடாது. பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்துத் தீர்ப்பு வராதவரை மனைவி மனைவிதான்.

கேரளத்தில் நடந்ததும் இதே ரகம். மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்று அவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்ததாக மகனும் ஒரு மகளும் சொன்னார்கள். இன்னொரு மகள், அப்பாவைக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார். சாட்சிகள் முன்னிலையில் வாயால் சொன்னாலே போதும் என்று கேரள உடற்கூறியல் சட்டம் சொல்வதால் மகன் தரப்பு வென்றது. உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில் அதை மாற்றவில்லை. தீர்ப்பு வரும்வரை உடல் மாதக்கணக்கில் குளிர்ப்பெட்டியில் இருந்தது. ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது.

சரி, உங்களுக்கே இப்படி வந்தால் என்ன செய்வது?

மருத்துவமனை நிலைய மருத்துவ அதிகாரிக்கும் காவல் ஆய்வாளருக்கும் உடனே ஒரு மனு கொடுங்கள்: "நான் இறந்தவருக்கு இன்ன உறவு. உடலைப் பெறுவதில் தகராறு உள்ளது. முடிவாகும்வரை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்." நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அனுப்பிய நேரத்தைப் படம் பிடித்து வையுங்கள். உறவை நிரூபிக்கும் காகிதம் எது கிடைத்தாலும் போதும்: ரேஷன் கார்டு, ஆதார், திருமணச் சான்று, பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர்.

அடுத்தது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவிடும்படி கேட்கும் மனு. மாவட்டத்தைப் பொறுத்துச் சென்னை அல்லது மதுரை. அவசரம் என்று சொல்லி லஞ்ச் மோஷன் (அன்றே உணவு இடைவேளைக்குப் பின் விசாரிக்கக் கோருவது) கேட்டால் அன்று மதியமே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. விடுமுறை நாளும் தடையல்ல. 2018 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதிக்கு மெரினாவில் இடம் கேட்ட மனுவை நள்ளிரவில் விசாரித்து, காலையில் தொடர்ந்து, இறுதி ஊர்வலத்துக்கு முன் உத்தரவு போட்டார்கள். அதே வேகம் நமக்குக் கிடைக்குமா என்று கேட்காதீர்கள், ஆனால் பெயர் தெரியாத குடும்பங்களின் மனுக்களும் ஒரே நாளில் முடிந்திருக்கின்றன.

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பதும் மோசமான வழியல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கொள்ளி வைத்தவருக்குத்தான் சொத்து என்று சொல்லி மகள்களைத் தள்ளி நிறுத்துவார்கள். கொள்ளிக்கும் சொத்துக்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. மகள் கொள்ளி வைக்கவும் எந்தச் சட்டமும் தடையில்லை. பங்காளிகளின் இந்தச் சண்டையில் பாதி, உண்மையில் வீட்டுப் பத்திரத்தைப் பற்றியது.

படி 5: எங்கே அடக்கம்?

உடல் உங்களிடம் வந்துவிட்டது என்பதற்காக நினைத்த இடத்தில் புதைக்க முடியாது. கிராம ஊராட்சிகளுக்கு 1999ல் வந்த விதிகள் உள்ளன: உரிமம் பெற்ற மயானத்தில்தான் செய்ய வேண்டும், குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் கூடாது. சொந்தப் பட்டா நிலமானாலும் அனுமதி இல்லாமல் புதைக்க முடியாது என்பதையே சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2023ல் சொன்ன தீர்ப்பும் உணர்த்துகிறது.

2024 ஜூலையில் கொலை செய்யப்பட்ட பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கைப் பெரம்பூர் கட்சி அலுவலகத்திலேயே அடக்கம் செய்யக் குடும்பம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை விசாரித்த உயர் நீதிமன்றம், நெரிசலான குடியிருப்புப் பகுதி என்பதால் அதை மறுத்தது. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் தனியார் நிலத்தில் அடக்கம் நடந்தது.

சாதி சொல்லிப் பாதையை மறிப்பது நம் மாநிலத்தில் இன்னும் நடக்கிறது. பட்டியல் சாதியினரின் ஊர்வலத்தைப் பொதுப் பாதையில், பொது மயானத்தில் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். உடலை நடுத்தெருவில் வைத்து வாதாடுவதைவிட, கிளம்புவதற்கு முன்பே தாசில்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் பாதுகாப்புக் கேட்பது நல்லது.

மதம் சார்ந்த இடத் தகராறு எவ்வளவு இழுக்கும் என்பதற்குச் சத்தீஸ்கர் உதாரணம். 2025 ஜனவரி 7ல் இறந்த ஒரு பாதிரியாரை அவர் பிறந்த ஊரில் புதைக்க எதிர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். உடல் மூன்று வாரமாகப் பிணவறையில் கிடந்ததால் இனியும் தாமதிக்கக் கூடாது என்று, 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்ய 27ம் தேதி உத்தரவானது.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கிராமத்தில் விஏஓவிடமே செய்யலாம். இறுதிச் செலவுக்கான பில்களைப் பத்திரப்படுத்துங்கள்: இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320வது பிரிவின்படி, இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து எல்லாக் கடனுக்கும் முன்பாக நியாயமான இறுதிச் செலவைத்தான் முதலில் கழிக்க வேண்டும்.

படி 6: கண், உறுப்பு, உடல் தானம்

உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ன்படி, உறவினர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி வைத்தால் அது செல்லும். எழுதி வைக்கவில்லை என்றால் உடலைச் சட்டப்படி வசம் வைத்திருப்பவர் சம்மதம் தரலாம், நெருங்கிய உறவினர் எவரும் எதிர்க்காதவரை. நடைமுறையில் உறுப்பு தான அட்டை வைத்திருந்தாலும் வீட்டில் ஒருவர் "வேண்டாம்" என்று அழுதால் மருத்துவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். கண்ணுக்குச் சுமார் 6 மணி நேரம்தான் அவகாசம். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு உண்டு.

முழு உடல் தானத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் பதிவு செய்யலாம். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

படி 7: வெளிநாட்டில் இறந்தால், உறவே இல்லை என்றால்

வளைகுடாவிலோ மலேசியாவிலோ இறந்தால் உடல் ஊர் வரக் குடும்பத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும். அங்கேயே அடக்கம் செய்வதானாலும் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். மனைவி ஒன்றும் அண்ணன் ஒன்றுமாக இரண்டு கடிதம் போனால் அங்கே எல்லாம் நின்றுவிடும். ஒருவரை முடிவு செய்து அவர் மட்டும் பேசட்டும். இறப்புச் சான்று, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்தியது) சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் ஆகியவை விமான நிலையத்தில் தேவை. மத்திய அரசின் இகேர் (eCARE) இணையதளத்தில் பதிவு செய்தால் உடலை இந்தியாவுக்குக் கொண்டுவரும் அனுமதி விரைவாகக் கிடைக்கும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் உதவி கேட்கலாம்.

சொந்தம் யாரும் வராத நிலையில் நண்பரோ, சேர்ந்து வாழ்ந்த துணையோ போலீஸ் அனுமதியோடு உடலைப் பெறலாம். தன்பாலினத் துணைக்கும் இந்த உரிமை தர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024ல் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் அது உறவினர் இல்லாதபோது மட்டும். பல ஆண்டுகள் எட்டிப் பார்க்காத அண்ணன் வந்து நின்றால் காவலர் அவர் பக்கம்தான் சாய்வார். இது எனக்குச் சரியென்று படவில்லை, இருந்தாலும் நிலைமை இதுதான். குடும்பத்தைவிட்டு விலகி வாழும் திருநங்கைகள், தனித்து வாழும் முதியவர்கள் எல்லாரும் அடுத்த படியைக் கட்டாயம் செய்து வைக்க வேண்டும்.

படி 8: இன்றே எழுதி வையுங்கள்

அரைப் பக்கம் போதும். "என் இறப்புக்குப் பின் என் உடலைப் பெற்று இறுதிக் காரியங்கள் செய்யும் பொறுப்பை இன்னாருக்குத் தருகிறேன். அவர் இல்லையென்றால் இன்னார். என்னை எரிக்க / புதைக்க / மருத்துவக் கல்லூரிக்குத் தர விரும்புகிறேன். சடங்கு இன்ன முறைப்படி, அல்லது எதுவும் வேண்டாம்." தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். சாட்சியில் ஒருவர், நாளைக்கு எதிர்ப்பார் என்று நீங்கள் நினைக்கும் உறவினராகவே இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாச் சூழலிலும் இது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் தகராறு வரும்போது இறந்தவர் என்ன விரும்பினார் என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார். அதற்கான பதில் இந்தத் தாள்.

இதை உயிலுக்குள் எழுதி வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கரைத் திறப்பதே பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான். ஒரு பிரதியை நீங்கள் குறிப்பிட்டவரிடம் கொடுங்கள், ஒன்றை ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள், போனில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். குழுவில் ஒரு வாரம் யாரும் பேசமாட்டார்கள். பரவாயில்லை.